இடது பக்கத்து வெயில்

மார்ச் 3, செவ்வாய்

இன்று பதினேழு பேருக்குக் காது பார்த்தேன். அதில் பதினாறு பேர், "எனக்கு நல்லாத்தான் கேக்குது, வீட்டுலதான் எல்லாரும் வாய்க்குள்ளயே பேசுறாங்க" என்றார்கள். பதினேழாவது ஆள் ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்டதே அவருக்குக் கேட்கவில்லை.

மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் டோக்கன் மேடத்தோடு உட்கார்ந்து டீ குடித்தேன். இருபது வருடமாகக் கிளினிக் வாசலில் டோக்கன் கிழித்துக் கொடுத்துக் கொடுத்து அவருக்குப் பெயரே அதுவாகிவிட்டது. வயது ஐம்பத்தாறு. போனில் மெல்ல ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டே நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டுப் பின்னறையில் பிறந்த பாட்டு அது.

"என் பொண்ணு அனுப்பினா. இந்த மாதிரிப் பாட்டுக்குப் பேரு சில்வேவாம்" என்றார்.

"ஐஸ்கிரீம் பேர் மாதிரி இருக்கு."

"கேலி பண்ணாதீங்க. இதைக் கேட்டா பெரிய லீவு முடியப்போற மாதிரி இருக்கு. இன்னும் நாலு நாள்தான்னு தெரியும், ஆனா இப்போ விளையாடிட்டிருக்கோம். அந்த மாதிரி."

அதைச் செய்தது என் தம்பி என்றேன். அவர் நம்பவில்லை. "நம்ம பிரிண்டர் ரிப்பேர் பண்ண வந்தாரே, மையைச் சட்டையில கொட்டிக்கிட்டு நின்னாரே, அவரா?" என்றார். சாட்சாத் அவனேதான்.

மார்ச் 5, வியாழன்

டோக்கன் மேடம் சொன்னதிலிருந்து நானும் பஸ்ஸில் 'ஈரத் துண்டு' கேட்டுக்கொண்டு போகிறேன். தம்பி போட்ட ஆல்பம் என்பதற்காக முன்பு ஒரே ஒரு தடவை கடமைக்குக் கேட்டதுதான். பாதித் தூக்கத்தில் செய்த மாதிரி இருக்கிறதே என்று அப்போது நினைத்தேன். இப்போது விட முடியவில்லை. எல்லாமே கொஞ்சம் கலங்கலாகத்தான் வருகிறது. தாளம் சோம்பேறியாக நடக்கிறது. குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருகிறது, ஒரு சொல்லும் பிடிபடுவதில்லை. அடியில் கதகதப்பாக ஒரு முழக்கம், அதுவும் இடது பக்கம்தான் அதிகம். வெயில் விழும் ஜன்னலோரம் உட்கார்ந்ததைப் போல ஒரு கன்னம் மட்டும் சூடாகிறது.

எனக்கு இது எங்கள் நீச்சல்குளத்துக் கோடை. அம்மா பொது நீச்சல்குளத்தில் டிக்கெட் ஜன்னலில் வேலை பார்த்தாள். லீவு விட்டால் எங்களைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. இருவரையும் குளத்துக்கே இழுத்துக்கொண்டு போவாள். எனக்குப் பன்னிரண்டு, அவனுக்கு ஏழு. நாள் முழுக்கத் தண்ணீர். கண் சிவந்து, விரல் நுனி சுருங்கி, இருக்கிற ஒரே துண்டை மாற்றி மாற்றித் துவட்டி அது காயவே காயாது. சொல்லே புரியாத பாட்டுக்குள் இத்தனையும் எப்படி வந்தது? டோக்கன் மேடம் நீச்சல்குளத்தில் காலைக்கூட நனைத்ததில்லையாம். அவருக்கும் வருகிறதே!

மூன்று வருடத்துக்கு முன் தம்பி வேலை போய் எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது செய்தான். தகரக் கூரை போட்ட பின்னறை. யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று எல்லாமே ஹெட்ஃபோனில். நாற்பது நாள் வியர்த்து வழிந்து செய்தது இரண்டு வருடம் சீந்துவாரில்லாமல் கிடந்தது. இந்த வருடம் யாரோ தங்கள் பழைய குடும்ப வீடியோவுக்குப் பின்னால் இதைப் போட, அது எங்கெங்கோ பரவிவிட்டது.

மார்ச் 8, ஞாயிறு

தம்பி சாப்பிட வந்தான். அடுப்படியிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டேன். ம்ஹூம். கூடத்தில் சாய்ந்துகொண்டு போனையே பார்த்துக்கொண்டிருக்கிறான். நாலாவது தடவை கரண்டியோடு போய் எதிரே நின்ற பிறகுதான், "என்ன அக்கா, கூப்பிட்டியா?" என்று தலையைத் தூக்குகிறான். இரண்டு வருடமாக இதே கதை. இப்போது பெயர் வேறு வந்துவிட்டதா, துரைக்குக் காதே கேட்பதில்லை என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "முப்பத்திமூணு வயசு ஆளை இனிமேலா திருத்தப்போற?" என்று இவர் சிரித்துக்கொண்டே தட்டை எடுத்து வைத்தார்.

நல்ல செய்தியும் உண்டு. ஒரு சின்னக் கம்பெனி ஆல்பத்தை இசைத்தட்டாகப் போடுகிறதாம். பெரிய கறுப்புத் தட்டு, அட்டை எல்லாம் வைத்து. சொல்லும்போது பையனுக்குக் காது வரை வாய். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். எனக்கும் பெருமை தாங்கவில்லை, காட்டிக்கொள்ளவில்லை.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான், "கடைசிப் பாட்டு கேட்டியா?"

"கேட்டேன்டா. நல்லா இருக்கு. தூக்கம் வருது."

"வேற ஒண்ணும் தோணலையா?"

"வேற என்ன தோணணும்?"

"ஒண்ணுமில்ல." முகம் சட்டென்று சுருங்கிப்போனது. கலைஞர்களோடு பேசுவதற்குத் தனிப் படிப்பு படிக்க வேண்டும் போலிருக்கிறது.

மார்ச் 9

இவர் சொல்கிறார், நான்தான் அவனைத் திமிர் பிடித்தவன் என்று ஊதிப் பெரிதாக்குகிறேனாம். மூன்று தடவை கூப்பிட்டது இவரா, நானா?

மார்ச் 19, வியாழன்

தம்பி போனில் குதிகுதி என்று குதித்தான். இசைத்தட்டு வெட்டுகிறவர் கடிதம் எழுதியிருக்கிறாராம். 'இடது பக்கம் பேஸ் முழக்கம் அளவுக்கு மீறி இருக்கிறது, இப்படியே வெட்டினால் ஊசி பள்ளத்தை விட்டுக் குதித்துவிடும், வேண்டுமென்றே இப்படி வைத்தீர்களா?' என்று.

"எல்லாம் நடுவுலதான் இருக்கு. அந்தாளுக்குக் காது சரியில்ல. உன்கிட்டதான் கூட்டிட்டு வரணும்" என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

"கம்ப்யூட்டர்ல அளவு காட்டுமேடா, அதைப் பார்க்கலையா?"

"அளவைப் பார்த்துப் பாட்டு செய்றவன் பேங்க் வேலைக்குப் போகலாம். நான் காதை நம்பித்தான் செய்றேன்."

எனக்கும் பஸ்ஸில் இடது கன்னம்தான் சூடானது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவன் இருந்த கோபத்தில் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

சாப்பாட்டுக்கு வந்தவன் ஹெட்ஃபோனை என் கையில் திணித்தான். "இடது பக்கம் செத்துப்போச்சு அக்கா. இது மூணாவது. வாங்குற ஒவ்வொண்ணும் ஆறு மாசத்துல இடது பக்கமே போகுது. உங்க கிளினிக்ல அளக்குற மெஷின் இருக்குல்ல, ஒரு தடவை வெச்சுப் பாரேன். கம்பெனிக்காரனைக் கிழிச்சுத் தொங்கவிடணும்."

பையில் போட்டுக்கொண்டேன். நாளைக்குப் பார்க்க வேண்டும்.

மார்ச் 23, திங்கள்

அளந்தேன்.

இடது, வலது, இரண்டும் ஒன்றுதான். மறுபடி அளந்தேன். ஒரு டெசிபல்கூட வித்தியாசம் இல்லை.

மூணு ஹெட்ஃபோன். மூணுலயும் இடது பக்கமே எப்படிப் போகும்? சாதாரண ஆளுக்கே தோணுமே. பதினஞ்சு வருஷமா இதே வேலையா இருக்கிற எனக்கு ஏன் தோணல?

கூடத்தில் அவன் உட்காரும் இடத்துக்கு அடுப்படி இடது கைப் பக்கம். அங்கேயிருந்துதான் கத்தியிருக்கிறேன், ரெண்டு வருஷமா. கரண்டியைத் தூக்கிட்டுப் போய் நின்னேனே. துரைக்குக் காது கேட்கலைன்னு சிரிச்சேனே. ஊர்ல இருக்கிற காதையெல்லாம் பார்த்தேன், கூடப் பிறந்தவன் காதை—

பேஸ் அவனுக்குக் கேட்கவில்லை. கேட்கும் வரைக்கும் ஏற்றியிருக்கிறான். அவ்வளவுதான். ஊரே கொண்டாடும் அந்தக் கதகதப்பு அங்கேயிருந்துதான் வந்திருக்கிறது.

மார்ச் 24

இன்று ஒரு அம்மா, "இவர் வேணும்னே கேக்காத மாதிரி இருக்கார் மேடம்" என்று கணவரைக் காட்டினார். வழக்கமாக இந்த இடத்தில் நான் சிரிப்பேன்.

மார்ச் 29, ஞாயிறு

கிளினிக்கிலிருந்து ட்யூனிங் ஃபோர்க்கைக் கைப்பையில் கொண்டு வந்திருந்தேன். சாப்பிட்டு முடிந்ததும் விளையாட்டாக எடுத்தேன். முழங்காலில் தட்டி, அதிரும்போது காம்பை அவன் நெற்றி நடுவில் வைத்தேன்.

"எந்தப் பக்கம் கேக்குது, சொல்லு."

கண்ணை மூடிக் கவனித்தான். பிறகு முகமெல்லாம் சிரிப்பு. "இடது! இடது பக்கம் சூப்பரா கேக்குது! வலதைவிட இடதுதான் நல்லா இருக்கு. பார்த்தியா? அந்தத் தட்டு வெட்டுற ஆளுக்கு எழுதிப் போடு, எங்க அக்காவே டெஸ்ட் பண்ணிட்டான்னு!"

நல்ல காதுகளுக்கு அந்தச் சத்தம் நடுவில் கேட்க வேண்டும். நரம்பு பழுதென்றால் நல்ல காதின் பக்கம் போகும். காதுக்குள் சத்தம் போகும் வழி அடைபட்டிருந்தால் மட்டும்தான் பழுதான பக்கமே பலமாகக் கேட்கும். வெளிச் சத்தம் உள்ளே வராததால் எலும்பு வழியாக வருவது அங்கே கணீரென்று இருக்கும். அவன் ஜெயித்துவிட்டதாக நினைத்துக் குதிக்கிறான்.

மெதுவாகத்தான் சொன்னேன். மெதுவாகச் சொன்னதுதான் தப்போ என்னவோ, பாதி கேட்கவில்லை. திரும்பச் சத்தமாகச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. சத்தமாகச் சொன்னால் எது சொன்னாலும் திட்டுகிற மாதிரிதான் இருக்கும்.

"எனக்கு ஒரு நல்லது நடக்கக் கூடாதே உனக்கு. உடனே ஒரு வியாதியைக் கண்டுபிடிச்சுடு" என்றான். ஹெட்ஃபோனைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டான்.

ஏப்ரல் 2

போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

வரவில்லை. கை பழக்கத்தில் மூன்று பேருக்குச் சமைத்துவிட்டேன். இவர் இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டார். நல்ல மனுஷன்.

ஏப்ரல் 11, சனி

பதினோரு மணிக்குக் கதவைத் திறந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டால், கையில் எட்டாம் நம்பர் டோக்கனோடு தம்பி நிற்கிறான். பின்னாலேயே டோக்கன் மேடம். "நான் அப்பவே உள்ள போகச் சொன்னேன். வரிசையிலதான் வருவேன்னுட்டார். ஒரு கையெழுத்து கேட்டேன், டோக்கன்லயே போட்டுக் கொடுத்துட்டார்" என்றார்.

"என்னடா திடீர்னு?"

"நேத்து கடையில வலது கை முழுக்க மை. போனை இடது காதுல வெச்சேன். ஆளு பேசவே மாட்டேங்கிறாரேன்னு மூணு தடவை கட் பண்ணிட்டேன். நேர்லயே வந்து சண்டை போட்டார்." சிரித்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "பாரு அக்கா" என்றான்.

சத்தம் புகாத அறைக்குள் உட்கார வைத்து, கதவை மூடி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தேன். வலது காதுக்குப் பட்டனை டக் டக்கென்று அழுத்தினான். இடதுக்கு மாற்றினேன். தாழ்ந்த சுருதியில் சத்தம் கொடுத்தேன். அழுத்தவில்லை. ஐந்தைந்தாக ஏற்றினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு, உதட்டில் ஒரு சின்னச் சிரிப்போடு, கட்டை விரலைப் பட்டன்மேல் தயாராக வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். சத்தம் அவனைச் சுற்றி எப்போதோ வந்தாகிவிட்டது, அவனுக்கு மட்டும் தெரியவில்லை. ஐம்பத்தைந்து டெசிபலில்தான் அழுத்தினான். நல்ல காதுக்கு இருபதிலேயே கேட்டுவிடும்.

என் கையெழுத்து இவ்வளவு மோசமாக எந்தத் தாளிலும் இருந்ததில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். காதுக்குள் அரிசியில் பாதி அளவு ஒரு எலும்பு. அது அசைந்தால்தான் சத்தம் உள்ளே போகும். அது இறுகிக்கொண்டே வருகிறது. பேஸ் மாதிரித் தாழ்ந்த சுருதிச் சத்தம்தான் முதலில் போகும். பல குடும்பங்களில் வழிவழியாக வரும். "வீட்டுல வேற யாருக்காவது?" என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா கடைசி வரைக்கும் ரேடியோவை அலற விட்டுத்தான் கேட்பாள். பக்கத்து வீட்டுக்காரர்களோடு அதற்காகச் சண்டையே வந்திருக்கிறது.

ஆபரேஷன் செய்யலாம், பெரும்பாலும் நன்றாக இருக்கும், அபூர்வமாக இருப்பதும் போய்விடலாம். வேண்டாமென்றால் காது மிஷின். வலது காதையும் வருடா வருடம் பார்க்க வேண்டும். எதுவும் செய்யாமல் விட்டால் போகப் போக இன்னும் குறையும்.

படியிறங்கும்போதே சொல்லிவிட்டான். "எதுவும் வேண்டாம் அக்கா."

"லூசா நீ?"

"அந்தப் பாட்டு இந்தக் காதுல இருந்துதான் வந்துச்சு. ஜனங்களுக்குப் பிடிச்சதே அந்தக் கதகதப்புதான். அது வியாதிங்கிற நீ. இதைச் சரி பண்ணிட்டா அடுத்த பாட்டு எங்கேயிருந்து வரும்? பிரிண்டர்ல இருந்தா? வாழ்க்கையில ஒண்ணே ஒண்ணு உருப்படியா செஞ்சிருக்கேன். அதை எடுத்துடாதே."

அவன் சொன்னதில் பாதி நியாயம். எனக்கே அந்தக் கதகதப்பு வேண்டும். ஆனால் என் தம்பிக்குக் காது வேண்டும்.

ஏப்ரல் 16

பஸ்ஸில் ஆல்பத்தைப் போடவில்லை. போட்டால் அவன் காதுதான் கேட்கிறது.

ஏப்ரல் 20, திங்கள்

இதை விவரமாக எழுத வேண்டும்.

இன்று மத்தியானம் நோயாளிகள் குறைவு. அவனுடைய டெஸ்ட் தாளை எதிரே வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் 'ஈரத் துண்டு' போட்டேன். இடது பக்கம் எந்தச் சத்தம் அவனுக்கு எவ்வளவு குறைகிறதோ, அதே அளவுக்கு ஒவ்வொன்றாகக் குறைத்தேன். வீட்டுக்காரர்களுக்குப் புரிய வைப்பதற்காக எப்போதாவது இப்படிச் செய்து காட்டுவது உண்டு. 'உங்க அப்பாவுக்கு நீங்க பேசுறது இப்படித்தான் கேக்குது' என்று. அவன் ஆல்பம் அவனுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று பார்க்கத் தோன்றியது.

முதல் பாட்டு தொடங்கியதுமே ஹெட்ஃபோனைக் கழற்றிப் பார்த்தேன், வேறு ஏதோ போட்டுவிட்டேனோ என்று.

கலங்கலே இல்லை. முழக்கம் இல்லை. தாளம் பளிச்சென்று இருக்கிறது. தண்ணீருக்கடியில் இருந்த குரலில் சொற்கள் இருக்கின்றன! 'படியில ஈரம், பார்த்து வா' என்று பாடியிருக்கிறான். மூன்று வருடமாக யாருக்கும் தெரியாது. அவன் செய்தது மங்கிப்போன கோடையே இல்லை, பன்னிரண்டு மணி வெயில். தெளிவாகத்தான் செய்திருக்கிறான். அவனைத் தவிர உலகத்தில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை.

கடைசிப் பாட்டு வந்தது. இரண்டாவது நிமிடத்தில், அலையடிக்கிறது என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில், இடது பக்கம், ஒரு பெண் பேசுகிறாள்.

"மணி ஆறாச்சு. எல்லாரும் கரையேறுங்க. தண்ணி எங்கேயும் ஓடிடாது, நாளைக்கும் இங்கதான் இருக்கும்."

அம்மா. குளம் மூடும் நேரத்தில் டிக்கெட் ஜன்னலிலிருந்து ஒலிபெருக்கியில் தினமும் சொல்வது. அம்மா குரலை யாரும் பதிவு செய்து வைக்கவில்லையே. திரும்பப் போட்டேன். முடிவில் ஒரு சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பு என்னுடையது.

நான்தான். மூன்று வருடத்துக்கு முன் அவன் பின்னறையில் இருந்த கோடையில், கொடியில் துணி போட்டுக்கொண்டே அவனைக் குளிக்கப் போகச் சொல்லி அம்மாவைப் போல மிமிக்ரி செய்தேன். தெரியாமல் பதிவு செய்திருக்கிறான். பாட்டுக்கு நடுநாயகமாக வைத்திருக்கிறான். அவன் காதில் அது அவ்வளவு தெளிவாக இருந்திருக்கிறது. அக்கா கேட்டதும் அழுவாள், இல்லை சிரிப்பாள், ஏதாவது சொல்வாள் என்று இருந்திருக்கிறான். நான், 'தூக்கம் வருது' என்றேன்.

நான் கூப்பிட்டது அவனுக்குக் கேட்கலை. அவன் கூப்பிட்டது எனக்குக் கேட்கலை. ரெண்டு வருஷம். ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு, பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டிருக்கோம்.

ஏப்ரல் 21, செவ்வாய்

வேலை முடிந்ததும் அவன் அறைக்குப் போனேன். டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. கட்டில், மேஜை, வயர்கள், பாதி பிரித்த பிரிண்டர். உட்கார இடமில்லாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன், அவனுக்கு வலது பக்கமாக.

"கடைசிப் பாட்டு கேட்டேன்" என்றேன்.

"தூக்கம் வருதுன்னு சொன்னியே."

"மணி ஆறாச்சு, எல்லாரும் கரையேறுங்க."

தலையைத் தூக்கவில்லை. பிரிண்டரின் ஒரு ஸ்க்ரூவை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தான். "இப்பதான் கேட்டியா?" என்றான்.

"எங்க யாருக்குமே கேக்கலைடா. பேஸுக்கு அடியில அமுங்கிப்போச்சு. நேத்து உன் காதை வெச்சுத்தான் கேட்டேன்." எல்லாவற்றையும் சொன்னேன். கம்ப்யூட்டரில் செய்து கொண்டுபோனதையும் போட்டுக் காட்டினேன், பேஸ் குறைத்த இடது பக்கத்தை அவனுடைய நல்ல வலது காதில் கேட்க வைத்தேன். முதலில் ஒன்றும் புரியாமல் பார்த்தான். "இதுல என்ன வித்தியாசம்? இதுதானே ஆல்பம்?" என்றான்.

"இதைத்தான் நீ செஞ்சே. ஊரு கேட்டது வேற."

கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவனுக்கு எந்த அளவுக்குக் கேட்டதோ.

"அப்போ நீ என்மேல கோவமா இல்லையா?" என்றான். "அம்மாவைப் பாட்டுல போட்டுட்டேன்னு உனக்குப் பிடிக்கல, அதான் நீ அதைப் பத்தி வாயே திறக்கலைன்னு நெனச்சுட்டேன். கேக்கவும் பயம்."

"நீ எனக்குத் திமிர்ல பதில் சொல்றதில்லைன்னு நான் நெனச்சேன்."

"நல்ல குடும்பம்" என்றான்.

சிரிக்க ஆரம்பித்து எங்கேயோ போய் முடிந்தது. அவன் தோளில் என் மூக்கைத் துடைத்தேன். சட்டை முழுக்க மை, என் முகத்திலும் அப்பிக்கொண்டது. பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள்.

ஏப்ரல் 23

தம்பி போன் செய்தான். "காது மிஷின் மாட்டினா, நீங்க கேட்ட மாதிரி நான் கேக்கலாமா?" ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். "அப்போ ஒரு தடவை கேக்கணும். என்னதான் செஞ்சு வெச்சிருக்கேன்னு எனக்கும் தெரியணும்ல." ஆபரேஷனைப் பற்றிப் பிறகு யோசிக்கலாமாம். நான் அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்தாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மே 9, சனி

நானே மாட்டிவிட்டேன். இடது காதுக்குப் பின்னால், தோல் நிறத்தில், சுண்டு விரல் நுனி அளவு. முதல் ஐந்து நிமிடம் ஃபேன் சத்தத்துக்கு முறைத்தான். "இது எப்பவும் இப்படியா கத்தும்?" என்றான். காகிதம் கசங்கினால் திரும்பிப் பார்க்கிறான். தன் செருப்புச் சத்தத்துக்கே பயப்படுகிறான்.

பிறகு ஹெட்ஃபோனைப் போட்டு ஆல்பம் வைத்தேன். மூன்று வருடம் கழித்து, செய்தவனே முதல் தடவையாகக் கேட்கிறான். அரை நிமிடத்தில் முகம் கோணியது.

"ஐயோ அக்கா, என்ன இது? வெயில்ல கம்பளியைப் போர்த்திட்டு நிக்கிற மாதிரி இருக்கு! இதையா எல்லாரும் ஆஹா ஓஹோங்கிறாங்க?"

கழற்றச் சொன்னால் கழற்றவில்லை. இரண்டாவது பாட்டு. மூன்றாவது. நாலாவதில் சுவரில் சாய்ந்துகொண்டான். எனக்கு அடுத்த நோயாளி வந்துவிட்டார். வரவேற்பு அறைக்கு அனுப்பிவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தபோது டோக்கன் மேடத்தின் பக்கத்து நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நல்லாத்தான் இருக்கு, சனியன்" என்றான். "எங்கேயோ போயிட்டு வந்த மாதிரி இருக்கு. நாமதான் செஞ்சோம்னே தோணல."

மே 11, திங்கள்

டோக்கன் மேடத்துக்கு இரண்டையும் போட்டுக் காட்டினேன், ஊர் கேட்டதையும் அவன் கேட்டதையும். அவன் கேட்டதை முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார், "இதுவும் நல்லாதான் இருக்கு. சொல்லெல்லாம் புரியுது. ஆனா இதுல லீவு முடியவே மாட்டேங்குதே."

தம்பியிடம் அப்படியே சொன்னேன். "அந்தம்மாவை என் கம்பெனியில சேர்த்துக்கணும்" என்றான்.

மே 17, ஞாயிறு

இசைத்தட்டு வெட்டுகிறவரிடம் அவனே பேசினான். முதலில் மன்னிப்பு. பிறகு, காது விஷயத்தை மறைக்காமல் சொல்லியிருக்கிறான். அந்த மனிதர் ரொம்ப நேரம் சிரித்துவிட்டு, பேஸை அப்படியே நடுவுக்கு நகர்த்தினால் ஊசி குதிக்காது, கதகதப்பும் போகாது என்றாராம். ஆல்பத்தில் வேறு எதையும் தொடவில்லை. ஒரே ஓர் இடத்தைத் தவிர. கடைசிப் பாட்டு, இரண்டாவது நிமிடம். அங்கே மட்டும் அலையைக் கொஞ்சம் இறக்கியிருக்கிறான்.

ஜூன் 14, ஞாயிறு

பின்னறையில் மறுபடி வயரும் பெட்டியுமாகக் கடை விரித்திருக்கிறான். தகரம் கொதிக்கிறது. அடுத்த ஆல்பத்துக்கு இரண்டு பாட்டு ஆகிவிட்டது. இந்தத் தடவை பேஸை ஏற்றும்போது என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கிறான், கதகதப்பு போதுமா என்று. "இப்போ தெரிஞ்சே வைக்கிறேன். முன்னாடி தெரியாம வெச்சேன். தெரிஞ்சு வைக்கிறதுதான் கஷ்டமா இருக்கு" என்கிறான். ஒன்று சுமார். இன்னொன்று நன்றாக இருக்கிறது. இரண்டையும் அப்படியே சொல்லிவிட்டேன்.

மத்தியானம் அடுப்படியில் இருந்தேன். சாப்பாடு ஆகிவிட்டது. அவன் கூடத்தில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான், இடது காதை என் பக்கம் காட்டிக்கொண்டு. வழக்கம்போல வயிற்றிலிருந்து குரலை எடுத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "டேய், சாப்பிட வாடா!" என்றேன்.

திரும்பக்கூட இல்லை. "கத்தாதே அக்கா" என்றான். "கேக்குது."

வரேன் என்று எழுந்து கை கழுவப் போனான். நான் குழாயைத் திறந்துவிட்டு, கழுவ ஒன்றும் இல்லாத தொட்டி முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மூன்று தட்டு எடுத்து வைத்தேன்.